‘நானே பார்த்துக்கறேன்’ என்று சொல்லிப் பழகியவர்கள் உதவி வாங்கிக்கொள்வது எப்படி

“ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் “இல்ல இல்ல, நானே பார்த்துக்கறேன்” என்று பதில் வந்துவிடுகிறது. யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. வாய்க்குப் பழகிப்போன பதில். படுக்கையில் இருக்கும் அப்பாவையோ நோயுள்ள குழந்தையையோ வருஷக்கணக்கில் கவனிப்பவர்கள், குடும்பத்தில் எல்லாருடைய சிக்கலையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்பவர்கள், வேலையே பிறரைப் பார்த்துக்கொள்வதாக இருக்கும் செவிலியர்கள் எல்லாருக்கும் இது பொது. கொடுக்கத் தெரிந்த கை, வாங்கும்போது மட்டும் பின்வாங்கும்.

மனசு மாறினால் உதவி வாங்குவதும் தானாக வந்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். வருவதில்லை. வேலையைப் பிரிப்பது, கேட்பது, கைமாற்றுவது, கைமாற்றிய பிறகு தலையிடாமல் இருப்பது என்று இதில் நான்கு பழக்கங்கள் இருக்கின்றன. ஆள் கிடைக்கவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் ஆள் கிடைத்திருப்பார்கள். கைமாற்றியது சரியாக நடக்காததால் வந்தவர் நழுவியிருப்பார்.

உடம்பு கொடுக்கும் விலை

1999-இல் ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் வெளியிட்ட ஆய்வில், 66 முதல் 96 வயது வரையுள்ளவர்களை 4 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டு, அதைப் பாரமாகவும் உணர்ந்தவர்களுக்கு இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. பார்த்துக்கொண்டும் பாரமாக உணராதவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஆளை உருக்குவது கவனிப்பு அல்ல, அதன் பாரம். பாரத்தில் குறைக்கக்கூடிய பங்கு நிறைய உண்டு.

1995-இல் வெளியான ஆய்வில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதி நோய் உள்ள உறவினரைக் கவனித்துவந்த பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னக் காயம் உண்டாக்கி, அது ஆறும் நாட்களை எண்ணினார்கள். கவனிக்கும் பொறுப்பு இல்லாத பெண்களைவிட இவர்களுக்குச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாகப் பிடித்தது. “எனக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்பவரின் தோல் வேறு கணக்கு வைத்திருக்கிறது.

எவ்வளவு பாரம் என்று அளந்து பார்க்க ஸ்டீவன் ஸாரிட் உருவாக்கிய கேள்வித்தாள் இருக்கிறது. இப்போது அதிகம் பயன்படும் வடிவத்தில் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ கேட்டால் கிடைக்கும். இப்போது ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை எழுதிப் பார்த்தால் போதும். கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதுதான் நமக்கு வேண்டியது.

முதல் வேலை: மூன்று நாள் குறிப்பு

யாரிடமும் எதுவும் கேட்பதற்கு முன்பு, தொடர்ந்து மூன்று நாட்கள் நீங்கள் செய்யும் எல்லாவற்றையும் எழுதுங்கள். அதில் ஒன்று விடுமுறை நாளாக இருக்கட்டும். வேலை, தொடங்கிய நேரம், பிடித்த நிமிடங்கள், அந்த நேரத்தில் வேறு எதைத் தள்ளிப்போட்டீர்கள் என்று நான்கு நெடுவரிசை போதும். ராத்திரி உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். செல்போனில் அவ்வப்போது இரண்டு வார்த்தை தட்டி வையுங்கள்.

கையால் செய்யும் வேலையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. மாத்திரை தீரப்போகிறதா என்று கணக்கு வைப்பது, அடுத்த பரிசோதனை எப்போது என்று நினைவில் வைப்பது, உறவினர்களுக்குத் தகவல் சொல்வது, அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, ராத்திரி ஒரு காதை விழித்தே வைத்திருப்பது ஆகியவையும் வேலைதான். ஆளைச் சோர்வடைய வைப்பதில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான். ஆனால் “என்ன உதவி வேணும்?” என்று யாராவது கேட்கும்போது இவை நினைவுக்கே வருவதில்லை.

பிறகு பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: இன்றைக்கே யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது, சொல்லிக்கொடுத்தால் செய்யக்கூடியது, நான் மட்டுமே செய்யக்கூடியது. முதல் தடவை பிரிக்கும்போது மூன்றாவது பிரிவில்தான் எல்லாம் போய்க் குவியும். அதில் உள்ள ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியால் சோதியுங்கள்: நாளைக் காலை நான் நான்கு நாளைக்கு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தால், இதை யார் செய்வார்? ஒரு பெயராவது வந்தால் அது இரண்டாவது பிரிவுக்குப் போக வேண்டியது. சட்டப்படி உங்கள் கையெழுத்து தேவைப்படும் விஷயங்கள், நோயாளி உங்களிடம் மட்டுமே பேசும் விஷயங்கள் என்று சிலவே கடைசியில் மிஞ்சும்.

கொடுக்கும்போது வேலையின் துண்டைக் கொடுக்காதீர்கள், முழு வேலையாகக் கொடுங்கள். “இந்த மாத்திரையை வாங்கிட்டு வா” என்பது துண்டு. தீர்வதைக் கவனித்ததும், சீட்டைத் தேடியதும், ஆளைப் பிடித்ததும் நீங்கள்தான். “மருந்து வாங்குறது இனிமே உன் பொறுப்பு. வாரா வாரம் பெட்டியைப் பார்த்துடு. 7 நாளைக்கு மட்டும் இருக்குன்னா வாங்கிடு. சீட்டோட போட்டோ உன் போன்லயே இருக்கட்டும்” என்பது முழு வேலை. இதுதான் தலையிலிருந்து பாரத்தை இறக்கும்.

அந்த ஐந்து நொடி

பழக்கமான மறுப்பை மனவுறுதியால் மட்டும் நிறுத்த முடியாது. அதன் இடத்தில் வைக்க வேறொரு பதில் தயாராக இருக்க வேண்டும். “இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்” என்று முன்கூட்டியே முடிவுகட்டி வைப்பவர்கள், பொதுவாகச் செய்ய நினைப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் ஒப்பந்தம் இப்படி இருக்கட்டும்: யாராவது உதவி செய்வதாகச் சொன்னால், நான் முதலில் சொல்லும் வார்த்தை ‘சரி’.

அதன்பின் மூன்று பதில்களில் ஒன்று. வேலை மனதில் இருந்தால்: “சரிக்கா, வியாழக்கிழமை சாயங்காலம் 4-லிருந்து 6 வரைக்கும் அம்மாகூட உக்காந்திருக்க முடியுமா?” உடனே ஒன்றும் தோன்றாவிட்டால்: “சரிங்க, கண்டிப்பா வேணும். எதுன்னு யோசிச்சு ராத்திரிக்குள்ள மெசேஜ் போடறேன்.” அன்றிரவே போட்டுவிட வேண்டும், ஒரு நாள் தள்ளிவிட்டால் பிறகு போட மாட்டீர்கள். ஏற்கெனவே மறுத்துவிட்டிருந்தால்: “அன்னைக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். யோசிச்சுப் பார்த்தேன், உங்க உதவி இருந்தா நல்லா இருக்கும்.” இந்தக் கடைசிப் பதிலுக்குத்தான் கூச்சம் அதிகம். மறுத்துவிட்டவர் திரும்பக் கேட்பதை எதிரில் இருப்பவர் தவறாக எடுத்துக்கொள்வது அரிது.

யாரும் வந்து கேட்காதபோது நீங்களே கேட்க வேண்டியிருக்கும். “கேட்டா இல்லன்னுதான் சொல்வாங்க” என்ற கணிப்பு பெரும்பாலும் தப்பாகத்தான் போகிறது. ஃபிராங்க் ஃபிளின், வனெஸா லேக் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத 5 பேரை ஒரு கேள்வித்தாளை நிரப்ப வைக்க எத்தனை பேரை அணுக வேண்டியிருக்கும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சுமார் 20 என்று கணித்தார்கள். உண்மையில் சுமார் 10 பேரிடம் கேட்டதிலேயே 5 பேர் ஒத்துக்கொண்டார்கள். முகத்துக்கு முகம் பார்த்து ஒருவர் கேட்கும்போது ‘முடியாது’ என்று சொல்வது எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை, கேட்பவர் கணக்கில் எடுப்பதில்லை.

கேட்கும் வாக்கியத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: என்ன வேலை, எந்த நாள் எந்த நேரம், எவ்வளவு நேரம் பிடிக்கும், எப்போது முடியும். நான்காவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். “இந்த மாசம் முடியற வரைக்கும்” என்று எல்லை சொன்னால் ஒத்துக்கொள்வது எளிது. எல்லை இல்லாத உதவி என்றால், ஒரு தடவை தலையைக் கொடுத்தால் கழற்ற முடியாது என்று நல்ல மனசுக்காரர்களே தயங்குவார்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் “யாராவது நாளைக்கு வர முடியுமா?” என்று போடாதீர்கள். 1968-இல் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் வெளியிட்ட சோதனையில், பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதைக் கேட்கும் ஒரே ஆள் தான்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உடனடியாகப் போய்த் தகவல் சொன்னார்கள். தன்னைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். குழுவில் இருக்கும் 14 பேரும் மீதி 13 பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை. அதை வைத்து “யாருக்கும் என்மேல அக்கறை இல்ல” என்ற முடிவுக்கு வராதீர்கள். ஒருவரை, பெயர் சொல்லி, தனியாகக் கேளுங்கள். யார் எப்போது வருகிறார் என்ற அட்டவணையைப் பகிர மட்டும் குழு நல்லது.

கேட்பதைக் கெடுக்கும் சில வழக்கங்களும் உண்டு. ஜாடையாகச் சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார் என்று காத்திருப்பது ஒன்று. “ரொம்ப அசதியா இருக்கு” என்றால் அவர் ஆறுதல் சொல்வார், வேலையை எடுத்துக்கொள்ள மாட்டார். “நீங்க சும்மா இருந்தா மட்டும்…” என்று வேலையைச் சின்னதாக்குவது இன்னொன்று. சும்மா இல்லை என்றதும் அவர் விலகிக்கொள்வார். நீங்களும் கேட்டதாகக் கணக்கு வைத்துக்கொள்வீர்கள். மூன்று தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வருவது மோசமானது. ஒத்துக்கொண்டவர் வேலையையும் செய்து, உங்களையும் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும். முடியாது என்று சொன்னால் “சரி, பரவால்ல. வேற ஒண்ணு இருந்தா கேக்கறேன்” என்று முடித்துவிடுங்கள். அந்த ஒரு ‘முடியாது’ அந்த நாளுக்கானது. இரண்டு மாதம் கழித்து வேறு வேலைக்கு அவரிடமே கேட்கலாம்.

கைமாற்றுவது

வந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஓரமாக நிற்பார். நீங்கள் “இரு, நானே காட்டறேன்” என்று ஓடுவீர்கள். அரை மணி நேரத்தில் வேலை இரட்டிப்பாகிவிடும். “ஆள் வந்தா எனக்குத்தான் கூடுதல் வேலை” என்ற முடிவு இங்கேதான் பிறக்கிறது. முதல் இரண்டு தடவை கூடுதல் வேலைதான், அதை ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

முதலில் ஒரே பக்கத்தில் ஒரு தாள் எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை: நாளின் ஒழுங்கு, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, ஒவ்வாமை, அவரை அமைதிப்படுத்துவது எது, எரிச்சல்படுத்துவது எது, பொருட்கள் இருக்கும் இடம், உங்கள் எண், நீங்கள் எடுக்காவிட்டால் கூப்பிட வேண்டிய எண், மருத்துவர் எண், ஆம்புலன்ஸ் எண். கொடுத்த மாத்திரைக்கு நேரம் எழுதி டிக் அடிக்க ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். இரண்டு பேர் கவனிக்கும் வீட்டில் ஒரே மாத்திரை இரண்டு தடவை போவதும் ஒரு தடவையும் போகாமல் இருப்பதும், ‘மற்றவர் கொடுத்திருப்பார்’ என்ற ஊகத்தால்தான்.

அடுத்து, “இது நடந்தால் இதைச் செய்” என்ற வரிகள். பொதுவாக எழுதினால் பதற்றத்தில் பயன்படாது. இன்சுலின் போடும் ஒருவருக்கு எழுதுவதானால் இப்படி: “கை நடுங்கினாலோ வியர்த்தாலோ பேச்சு குழறினாலோ சர்க்கரை பார்க்கவும். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவும். இன்னும் ஏறாவிட்டால் இன்னொரு 15 கிராம். மயக்கத்தில் இருந்தால் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது, உடனே ஆம்புலன்ஸ்.” விழுங்கச் சிரமப்படுபவர் என்றால் “நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், ஊட்டிய பிறகும் 30 நிமிடம் படுக்க விடக் கூடாது.” உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே எழுதுங்கள்.

உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலைகளுக்குத் தாள் போதாது. நீங்கள் செய்ய அவர் பார்ப்பது, அவர் செய்ய நீங்கள் பக்கத்தில் நிற்பது, அவர் செய்ய நீங்கள் அடுத்த அறையில் இருப்பது, கடைசியில் நீங்கள் வெளியே போவது. இந்த நான்கையும் ஒரே நாளில் அடைக்கக் கூடாது.

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். உதவிக்கு வருபவர் முதுகைப் பிடித்துக்கொள்வதும், நோயாளி விழுவதும் இதில்தான் நடக்கும். வீல்சேரை நோயாளியின் பலமான பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக ஒட்டி நிறுத்த வேண்டும். இரண்டு பிரேக்கையும் போட்டு, கால் வைக்கும் பலகைகளை ஒதுக்கிவிட வேண்டும். நோயாளியைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தி, வழுக்காத செருப்பு போட்டு, பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி வைக்க வேண்டும். இடுப்பில் துணிக்கு மேல் பிடிபட்டையை (பிடித்துக்கொள்வதற்கான அகலமான பெல்ட்) கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் முழங்காலை மடக்கி முதுகை நேராக வைத்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு” சொல்ல வேண்டும். நோயாளி முதலில் முன்னோக்கிக் குனிய வேண்டும். மூக்கு கால் விரலுக்கு நேராக வரும் அளவு குனிந்தால்தான் எடை பாதத்துக்கு மாறி இடுப்பு எழும்பும். எழுந்தபின் சின்னச் சின்ன அடியாகத் திரும்பி, இருக்கை காலின் பின்புறம் படும்வரை வந்து, மெதுவாக உட்கார வேண்டும்.

புதியவர்கள் தவறும் இடங்கள்: ஒரு பக்கப் பிரேக்கை மறப்பது, நோயாளியின் பாதம் முன்னால் நீண்டிருக்கும்போதே தூக்குவது, அக்குளைப் பிடித்து இழுப்பது, கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்வது. பக்கவாதம் வந்த தோளை இழுத்தால் மூட்டு விலகிப்போகக்கூடும். கழுத்தில் தொங்கினால் உங்கள் முதுகெலும்பு தாங்காது. நோயாளியைக் கையால் தூக்குவதற்கு அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வகுத்த எல்லை 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ. அதற்கு மேல் எடை உங்கள் கைக்கு வருகிறது என்றால், அது இரண்டாவது ஆளோ தூக்கும் கருவியோ தேவைப்படும் வேலை. “நான் தினமும் ஒண்டியாத்தான் தூக்கறேன்” என்று பழகியிருப்பது அந்த எல்லையை மாற்றாது. ஒரு தடவை பிசியோதெரபிஸ்ட்டை வரவழைத்து, உங்களுக்கும் உதவிக்கு வருபவருக்கும் சேர்த்தே சொல்லித்தரச் சொல்லுங்கள்.

கையை எடுத்துக்கொள்வது

அவர் மடித்த துணியை நீங்கள் பிரித்து மறுபடி மடித்தால், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த வாரம் வரவும் மாட்டார்.

இதற்கு ஒரு வழி உண்டு. வீட்டில் மாறவே கூடாதவை என்று மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். மருந்து, விழாமல் காப்பது, உணவில் உள்ள தடை என்று அவை பெரும்பாலும் பாதுகாப்பு சார்ந்தவையாக இருக்கும். அவற்றில் தப்பு நடந்தால் அந்த இடத்திலேயே, காரணத்தோடு திருத்துங்கள். மீதி எல்லாம் அவர் பாணி. பாத்திரம் எந்த அலமாரியில் போகிறது, போர்வை எப்படி விரிக்கப்படுகிறது, குளிக்க வைப்பது 9 மணிக்கா 10 மணிக்கா என்பதெல்லாம் இந்த மீதியில் அடங்கும். பொறுக்க முடியாத ஒன்று இருந்தால் அன்றைக்குச் சொல்லாமல், அடுத்த தடவை தொடங்கும் முன் ஒரே ஒரு விஷயமாகச் சொல்லுங்கள்.

முடிந்தால் வெளியே போய்விடுங்கள். வீட்டுக்குள் இருந்தால் காது அங்கேயே இருக்கும், இருமல் சத்தம் கேட்டதும் எழுந்து போவீர்கள், நோயாளியும் உங்களைத்தான் கூப்பிடுவார். முதல் தடவை ஒரு மணி நேரம், பிறகு இரண்டு. நடுவில் போன் செய்து விசாரிக்காதீர்கள். அவசரம் என்றால் அவர் கூப்பிடுவார் என்று பேசி வைத்திருப்பதை நம்புங்கள்.

கிடைத்த நேரத்தைப் பாக்கி வேலையில் செலவழிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. மூன்று மணி நேரம் கிடைத்ததும் பரண் சுத்தம் செய்தால் நாள் முடிவில் அதே அசதிதான். முதல் உரிமை தூக்கத்துக்கு. இரண்டாவது, நீங்கள் தள்ளிப்போட்டுவரும் உங்கள் சொந்த மருத்துவப் பரிசோதனைக்கு: பல், கண், ரத்த அழுத்தம். அதன்பின் உங்கள் விருப்பம். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் அது வீண் இல்லை.

“எனக்கு நீதான் வேணும்”

கவனிக்கப்படுபவர் வேறு ஆளை ஏற்க மறுப்பது மிகவும் வலிக்கும் தடை. அன்பினால் வரும் மறுப்பு என்பதால் எதிர்த்துப் பேசவும் முடியாது. இதை அவரிடம் வாதாடி வெல்ல முடியாது, பழக்கித்தான் கொண்டுவர முடியும். புதியவரை முதல் நாளே குளிப்பாட்டவோ உடை மாற்றவோ விடாதீர்கள். முதல் சில தடவை பேச்சு, செய்தித்தாள் வாசிப்பு, பாட்டு, சின்ன நடை என்று அவருக்குப் பிடித்தவற்றுக்கு மட்டும் வரட்டும். நீங்களும் கூட இருங்கள். வாரத்தில் அதே கிழமை, அதே நேரம், அதே ஆள். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் பழக்கம் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும்.

அந்தரங்கமான வேலைகளில் அவருடைய சம்மதம் முக்கியம். “யார் குளிப்பாட்டினா உங்களுக்குப் பரவால்ல?” என்று நேரடியாகக் கேளுங்கள். மகன் வேண்டாம், வெளியாளாக இருந்தாலும் பெண் போதும் என்று ஒரு அம்மா சொல்லலாம். உங்களுக்குத் தோன்றாத பதிலாக அது இருக்கும். மறதி நோய் உள்ளவரிடம், நீங்கள் வெளியே போவதற்கு ரொம்ப முன்பிருந்தே அதைப் பற்றிப் பேச வேண்டாம், பதற்றம்தான் வளரும். கிளம்பும்போது சுருக்கமாகச் சொல்லி, அவர் ஏதாவது ஒன்றில் ஈடுபட்டிருக்கும் நேரத்தில் கிளம்புங்கள்.

கடன் பட்டது போன்ற உணர்வு

வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது எல்லாச் சமூகத்திலும் இருக்கும் நெறி என்று சமூகவியலாளர் ஆல்வின் கூல்ட்னர் 1960-இலேயே எழுதினார். ஆகவே மனசு உறுத்துவது இயல்பு. ஆனால் உதவி வாங்கிய வாரத்திலேயே பரிசோ பணமோ கொடுத்துக் கணக்கை நேர்செய்தால், செய்தவருக்கு அது சம்பளம் போல ஆகிவிடும். நன்றியை ஒரே தடவை, எது பயன்பட்டது என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: “செவ்வாய்க்கிழமை நீ வந்ததால ரெண்டு மணி நேரம் தூங்கினேன். அன்னைக்கு ராத்திரி தலைவலியே வரல.” ஷுவான் ஜாவோவும் நிக்கோலஸ் எப்லியும் 2022-இல் வெளியிட்ட ஆய்வுகளில், உதவி கேட்பவர்கள் நினைப்பதைவிடச் செய்தவர்கள் அதிகம் சந்தோஷப்பட்டது தெரிந்தது. சம்பளத்துக்கு ஆள் வைத்தால் மட்டும் இந்தப் பேச்சு எதுவும் வேண்டாம். நேரம், வேலை, தொகை, விடுமுறை நான்கையும் முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.

உதவி கிடைத்த பிறகும் சிலருக்கு உள்ளுக்குள் சுருங்கிப்போகும். அதை நன்றிகெட்டத்தனம் என்று எண்ண வேண்டாம். நியால் போல்ஜர் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்களுடைய துணைகளையும் தினமும் குறிப்பெழுத வைத்தார்கள். தனக்கு உதவி கிடைத்ததை உணராமலே பெற்றவர்களுக்குத்தான் மனச்சோர்வு குறைந்தது. ‘எனக்கு உதவி செய்கிறார்கள்’ என்ற உணர்வே சில நேரம் ‘எனக்கு முடியவில்லை’ என்று குத்தும். அப்படிக் குத்தினால், உங்களுக்குச் செய்துகொடுப்பவரைவிடக் கூடச் சேர்ந்து செய்பவரைத் தேடுங்கள். இருவரும் உட்கார்ந்து மாத்திரைப் பெட்டியை நிரப்புவது தொடங்க நல்ல இடம்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய உதவிகளும் உண்டு. வந்தால் அவரை உபசரிக்க வேண்டியிருக்கும் ஆள், பார்த்ததை நாலு பேரிடம் சொல்பவர், ஒவ்வொரு தடவையும் மருத்துவரை மாற்றச் சொல்பவர். இவர்களை வெட்டிவிட வேண்டியதில்லை. வீட்டுக்கு வெளியே நடக்கும் வேலையைக் கொடுங்கள்: பில் கட்டுவது, ரிப்போர்ட் வாங்கி வருவது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் வீட்டில் இருந்தால், சளி காய்ச்சலோடு வருபவர் எவ்வளவு நெருங்கியவரானாலும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

நீங்களே படுத்துவிட்டால்

கவனிப்பவர் நோயாளியாகும்போது கட்டிலில் படுத்துக்கொண்டே வீட்டை நடத்துவார். வலியைக் கேட்டால் “பரவால்ல” என்பார். கவனிக்க வந்தவருக்கு அதை வைத்து மருந்து கொடுக்க முடியாது. 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லுங்கள்; உண்மையான எண்ணாக இருக்கட்டும். என்ன வேண்டும் என்று கேட்கும்வரை காத்திருக்காமல் “தண்ணி இன்னும் கொஞ்சம் பக்கத்துல வை”, “இப்ப பேச வேண்டாம், லைட்டை அணைச்சிடு” என்று சொல்லுங்கள். நீங்கள் கவனித்த யாராவது இப்படிச் சொன்னபோது உங்களுக்கு வேலை எவ்வளவு எளிதாக இருந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

அறுவை சிகிச்சை போன்று தேதி தெரிந்த விஷயமாக இருந்தால், இரண்டு வாரம் முன்பே மேலே சொன்ன தாளை வைத்து ஒரு முழு நாளை வேறொருவர் நடத்திப் பார்க்கட்டும். விட்டுப்போனவை அன்றைக்கே வெளிவரும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் கவனிப்பதை அப்படியே விட்டுவிட்டு அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். செத்துவிடலாம் என்ற எண்ணமோ, கவனிக்கப்படுபவரை அடித்துவிடுவோமோ என்ற பயமோ வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, மருத்துவரைப் பாருங்கள். அவ்வளவு களைத்தவர்களுக்கு வருகிற எண்ணம்தான் அது, மறைத்தால்தான் ஆபத்து.

தேதி தெரியாமல் வருவதற்கு ஒரு உறை தயார் செய்யுங்கள். கைமாற்றும் தாளின் நகல், மருந்துச் சீட்டுகளின் நகல், வீட்டு மாற்றுச் சாவி. இது பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இருக்க வேண்டும், உங்கள் பீரோவில் இல்லை. “என்கிட்டேயிருந்து காலை 9 மணிக்குள்ள மெசேஜ் வரலன்னா போன் பண்ணு. எடுக்கலன்னா நேர்ல வந்து பாரு” என்று அவரிடம் பேசி வையுங்கள். மருந்து மாறும்போதெல்லாம் உறைக்குள் இருக்கும் தாளையும் மாற்றுங்கள். சாவி பூட்டில் சரியாகத் திரும்புகிறதா என்று அவரையே ஒரு நாள் வந்து திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.